ஆமை முதுகில் ஆரம்பித்த கூடை

அந்தக் காலத்தில் மரம் மட்டை, புழு பூச்சி எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும். சிலது கேட்காவிட்டாலும் சொல்லும். எறும்புக்கு மட்டும் அப்போதே பேச நேரமில்லை, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஆமையைப் பற்றி. குளத்து ஆமை இல்லை. தண்ணீருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் முள்ளுக்காட்டில் நடந்து திரிகிறதே, அந்த ஆமை. இன்றைக்கு அதன் முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருக்கின்றன. அன்றைக்கு ஒரு கோடும் கிடையாது. கரிச்சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அளவும் இன்றைக்குப்போல் இரண்டு கைக்குள் அடங்காது, நல்ல முறத்தளவு இருக்கும். கல்லென்று நினைத்து ஆடுகள் அதன்மேல் ஏறி நிற்கும். ஆமை வாய் திறக்காது. ஆடாகப் பார்த்து இறங்கிப் போகட்டும் என்று இருந்துவிடும்.

அந்த முள்ளுக்காட்டை ஒட்டி, மலையடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே கூடை முடைகிறவர்கள் இரண்டே பேர், அக்காவும் தங்கையும். அக்கா சிலம்பாயி, தங்கை காத்தாயி. சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர்கள். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு நாலு வயது. பன்னிரண்டு வயதுக்காரி மூங்கிலைக் கிழித்துக் கூடை முடைந்துதான் இரண்டு வயிறு கழுவ வேண்டியிருந்தது. நாலு வயதுக்காரியோ ஓர் இடத்தில் இருக்கிற பிள்ளை இல்லை. ஓணானைக் கண்டால் ஓணான் பின்னால் ஓடுவாள், தட்டானைக் கண்டால் தட்டான் பின்னால். காட்டில் சிறுத்தை நடமாட்டம் வேறு. சிலம்பாயி வேலையைப் பார்ப்பாளா, இவளைப் பிடிப்பாளா? ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் தங்கையைக் குப்புறப் படுக்கவைத்தாள். அவள் முதுகின் மேலேயே மூங்கில் சிம்புகளைப் பரப்பி, அசையாதே, அசைந்தால் கூடை கோணிப்போகும் என்று சொல்லி, அங்கேயே கூடையை ஆரம்பித்துவிட்டாள்.

கூடைக்கு முதல் வேலை அடி போடுவது. சிம்புகளை ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக வைத்து, சுற்றிலும் விரியவிட்டு, நடுவைச் சுற்றிப் பின்னி நிறுத்த வேண்டும். அது நின்றால்தான் மேலே முடைய முடியும். தரையில் வைத்துப் போட்டால் அடி தட்டையாக வரும். பிள்ளை முதுகின் வளைவில் போட்டதால் சிலம்பாயியின் கூடைக்கு அழகாக வயிறு விழுந்தது. தானியம் மூலையில் தங்கவில்லை, தலையில் வைத்தால் ஆடவில்லை. ஊரே அந்த மாதிரிக் கூடைதான் வேண்டும் என்றது. கேட்க வேண்டுமா? அன்றிலிருந்து காத்தாயியின் முதுகுதான் பட்டறை.

வளர்ந்த பிறகாவது விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அக்காவுக்கு ஆட்டுக்காரர் ஒருவரோடு கல்யாணமாகி, செவந்தி என்று ஒரு மகள் பிறந்து, அந்த மகள் ஓடியாடுகிற காலத்திலும் அக்கா "குனி" என்பாள். காத்தாயி குனிவாள். அத்தனை பெரிய பெண்பிள்ளை வாசலில் முதுகை வளைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துத் தண்ணீருக்குப் போகிறவர்கள் கேலி பேசுவார்கள். காத்தாயி தலையைத் தூக்காமலே பதிலுக்குப் பதில் கொடுப்பாள். அடி நின்றதும் எழுந்து உட்கார்ந்து, மேலே முடைந்து, விளிம்பு கட்டி முடிப்பது அவள் வேலை. இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் பிடித்திருந்தது. மாற்ற வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஒரு வருசம் தை மாதத்தில் சிலம்பாயி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அழுகை ஓய்ந்து, காத்தாயி மூங்கிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த அன்றுதான் விஷயம் விளங்கியது. அவளுக்கு அடி போடத் தெரியாது. முப்பது வருசம் கூடவே இருந்தும் ஒரு தடவைகூட அவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. தன் முதுகின் மேல் நடந்ததை யாரால் பார்க்க முடியும்? விளிம்பு கட்டத் தெரியும், பிடிக்கக் காது வைக்கத் தெரியும், சாயம் காய்ச்சத் தெரியும். ஆரம்பிக்க மட்டும் தெரியாது. மாதக் கணக்கில் ஒரு கூடையும் இல்லாமல் கை சும்மா கிடந்தது.

அதற்குள் செவந்திக்குக் கல்யாணம் குதிர்ந்துவிட்டது. அந்த ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது, தாய்வீட்டில் முடைந்த கூடையில் விதைநெல் எடுத்துப் போக வேண்டும். அந்த நெல்லைத்தான் மாமியார் வீட்டில் முதலில் விதைப்பார்கள். காத்தாயியின் நிலைமை தெரிந்து, மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கூடை கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல மனுசர்கள்தான். ஆனால் செவந்தி சின்னம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு குறையாகச் சொல்லாமல், மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா வீட்டுக் கூடை இல்லாட்டி நான் வெறுங்கையோடயே போயிக்கறேன் சின்னம்மா. வேற கூடையத் தூக்கிட்டுப் போக எனக்கு மனசு வரல."

தாயில்லாத பெண் வெறுங்கையோடு படியேறுவதா? கல்யாணத்துக்கு இன்னும் ஏழே நாள். காத்தாயி உடனே எழுந்து மூங்கிலைக் கிழித்தாள். கடுக்காயும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சி, கல்யாணக் கூடைக்கென்று சிம்புகளுக்குச் சாயம் ஏற்றினாள். தரையில் வைத்து அடி போட்டுப் பார்த்தாள், தட்டு மாதிரி வந்தது. கவிழ்த்த பானையின் மேல் போட்டாள், வழுக்கி விழுந்தது. கடைசியில் செவந்தியையே குனியச் சொல்லி, அவள் முதுகில் முதல் சிம்பை வைத்தாள். அவ்வளவுதான், அந்தப் பெண்ணுக்குத் தாய் ஞாபகம் வந்துவிட்டது. முதுகு குலுங்கிக் குலுங்கிச் சிம்பெல்லாம் சிதறியது. காத்தாயி சிம்புகளைக் கட்டி எடுத்துக்கொண்டு, கல்யாண வேலையைப் பார்க்கச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, காட்டுக்குள் போனாள். எந்த உயிருக்காவது ஒன்றை ஆரம்பிக்கத் தெரிந்திருக்காதா என்று நினைத்தாள்.

முதலில் கண்ணில் பட்டது சிலந்தி. நடுவிலிருந்து நாலா பக்கமும் இழை விரிந்த வலையைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. நடுவை எப்படிப் போட்டாய் என்று கேட்டாள். சிலந்தியோ, நான் எங்கே நடுவில் ஆரம்பித்தேன், காற்றில் ஒரு இழையை விட்டு அது எதிர்க்கிளையில் ஒட்டுகிறதா என்று பார்த்துத்தான் ஆரம்பிப்பேன், நடு பிறகு தானாக வரும் என்றது. மூங்கில் சிம்பைக் காற்றில் விட முடியுமா? அடுத்துக் குளவியிடம் போனாள். அது ஒரு காம்பை ஒட்டி, காம்பிலிருந்து ஒவ்வொரு அறையாகத் தொங்கவிடுவேன் என்றது. அதோடு, கூட்டுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விடாதே, எனக்குக் கோபம் வரும் என்றும் சொன்னது. ஆமணக்கு இலை கொஞ்சம் இதமாகப் பேசியது. நரம்புகள் நடுவிலிருந்து விரல் மாதிரி விரிந்திருந்தன. ஆனால், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை அம்மா, விரியும்போதே இப்படித்தான் விரிந்தேன் என்றது. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஒன்றாலும் பிரயோசனம் இல்லை. அலைந்து அலைந்து கால் ஓய்ந்து, ஒரு கருங்கல்லைப் பார்த்து அதன்மேல் சிம்புக் கட்டைப் போட்டாள்.

"தாயி, கொஞ்சம் இடது பக்கமாத் தள்ளி வை. வலது பக்கம் நேத்து ஆடு மிதிச்சிடுச்சு" என்றது கல்.

காத்தாயி பதறிப்போய்க் கட்டை எடுத்தாள். ஆமை மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தது. அவள் ஆமையைப் பார்க்கவில்லை. அதன் முதுகைத்தான் பார்த்தாள். நாலு வயதுப் பிள்ளையின் முதுகளவு, அதே வளைவு. ஓட்டின் மேல் ஒன்றை வைத்தால் உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஓடென்று நீங்கள் சொல்கிறீர்கள், எனக்கு அது முதுகுதானே, எறும்பு நடந்தாலும் தெரியும் என்று ஆமை சொன்னது. காத்தாயி அதன் எதிரில் உட்கார்ந்து, அக்காவைப் பற்றியும் செவந்தியைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் தயங்கித் தயங்கி, முதுகைக் கொஞ்சம் தருவாயா என்று கேட்டாள்.

ஆமைக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன் முதுகை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆடு கேட்டா ஏறியது? சரி என்றது.

சொல்கிறேன், கேளுங்கள், அவர்கள் வேலை செய்த விதத்தை. காத்தாயியின் கண்ணுக்கு அடி போடத் தெரியாது. ஆனால் அவள் முதுகுக்குத் தெரியும். முதலில் என்ன பட்டது, அடுத்து எங்கே குத்தியது என்று முப்பது வருச ஞாபகம் முழுக்க அங்கேதான் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். முதலில் முதுகுத்தண்டின் மேல் நீளமாக ஒன்று ஜில்லென்று படும். பிறகு இடது தோளுக்குக் கீழே ஒரு குத்து. பிறகு எதிர்ப்பக்கம். அப்புறம் நடுவைச் சுற்றிச் சுற்றிக் கூசும், அங்கேதான் சிரித்துவிட்டு அக்காவிடம் திட்டு வாங்குவாள். கடைசியாக எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும். அந்த இழுப்பு வந்தால் அடி நின்றுவிட்டது என்று அர்த்தம். அவள் சிம்பை வைப்பாள், ஆமை தனக்குப் படுவதைச் சொல்லும், அவள் தன் முதுகில் தேடிப் பார்த்து நகர்த்துவாள்.

முதல் நாள் குத்த வேண்டிய இடத்தில் கூசியது. இரண்டாம் நாள் கூச வேண்டிய இடத்தில் வலித்தது. ஓரிடத்தில் சரிப்படாவிட்டால் பிரித்துவிட்டு, ஓட்டிலேயே பக்கத்தில் இன்னோர் இடத்தில் போடுவாள். காலையில் வந்தால் பொழுது சாயும்வரை அதே வேலை. சாய்ந்ததும் சிம்புகளை ஆமை முதுகிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் வந்து பார்த்தால் ஒரு சிம்புகூட நகர்ந்திருக்காது. நாலாம் நாள் கையும் விரலும் காந்தி, அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இழுக்கிறதா, இழுக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை தாயி என்றது ஆமை.

"ஒரு தடவையாவது இழுக்குதுன்னு சொன்னா என்ன கெட்டுப்போச்சு?"

"சொல்லலாம் தாயி, எனக்கென்ன வந்தது? உன் பொண்ணு தலையிலிருந்து வழியெல்லாம் நெல்லு கொட்டிட்டுப் போகுமே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். அஞ்சாம் நாள் எல்லாம் கூடி வந்தது. ஜில்லென்று பட்டது, சரியான இடத்தில் குத்தியது, நடுவில் கூசியது. அந்தக் கடைசி இழுப்பு மட்டும் வரவே இல்லை. கையை எடுத்ததும் அடி சடசடவென்று விட்டுக்கொள்ளும். பத்துத் தடவை போட்டாள், பத்துத் தடவையும் அப்படியே ஆயிற்று. என்ன விட்டுப்போனது என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த காட்டில் முதல் மழை. ஆமைக்கு வருசத்தில் அந்த ஒரு மழைதான் விருந்து. மழை விழுந்து கொஞ்ச நேரத்திலேயே எங்கெங்கோ கிடந்த ஆமைகளெல்லாம் தலையை நீட்டிக்கொண்டு, ஈரம் குடிக்கவும் துளிர் மேயவும் பள்ளத்தைப் பார்த்து ஊர்ந்தன. போகிற வழியில் இதையும் கூப்பிட்டன. இது அசையவில்லை. ஆறு நாளாகப் பச்சை ஒன்றும் வாயில் படாமல் கழுத்துச் சுருங்கிப்போயிருந்தது.

காத்தாயி நனைந்துகொண்டே அதைப் பார்த்தாள். நீயும் போயேன் என்றாள். நீ இன்னும் முடிக்கவில்லையே என்றது அது.

அவள் கடைசியாக ஒரு தடவை போட்டாள். ஈரச் சிம்புகள் விரல் சொன்னபடி வளைந்தன. ஜில்லென்று பட்டது, குத்தியது, கூசியது. இழுக்கிறதா என்று கேட்டாள். இல்லை தாயி என்றது ஆமை. சொல்ல அதற்கு அத்தனை கஷ்டமாக இருந்தது. நாளைக்கு விடிந்தால் கல்யாணம். காத்தாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செவந்தி வெறுங்கையோடு போகத்தான் போகிறாள், அதற்காக இந்த வாயில்லாத மாதிரிக் கிடக்கிற ஜீவனைப் பட்டினி போட்டுக் கொல்வானேன் என்று நினைத்தாள். மேலே கிடந்த சிம்புகளோடு சேர்த்து, அதன் முதுகில் உள்ளங்கையை அகல விரித்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"போதும் சாமி. எழுந்திரு."

தட்டிய கை அப்படியே நின்றது. அக்கா செய்வது அதுதான். ஒவ்வொரு கூடைக்கும், ஒரு தடவைகூட விடாமல், கடைசியில் உள்ளங்கையால் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, எழுந்திரு என்பாள். அசையாமல் கிடந்ததற்காக அக்கா தன்னைத் தட்டிக்கொடுக்கிறாள் என்றுதான் நாலு வயதிலிருந்து காத்தாயி நினைத்திருந்தாள். அதை வேலையோடு சேர்த்து எண்ண அவளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாளாக எல்லாவற்றையும் செய்து பார்த்தவள், அந்தத் தட்டை மட்டும் விட்டுவிட்டாள்.

"தாயி, இப்ப இழுக்குது" என்றது ஆமை. "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்குது."

காத்தாயி பயந்து பயந்து கையை எடுத்தாள். அடி அசையவில்லை. நடுவில் சிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, சுற்றிலும் விரிந்து, முதுகின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றது. அவளுக்கு அக்காமேல் கோபம் வந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. அடுத்த நிமிசமே, அக்காவுக்கே தெரிந்திருக்காது என்று தோன்றியது. அவளும் தங்கையைத் தட்டிக்கொடுப்பதாகத்தான் நினைத்திருப்பாள். மழையில் உட்கார்ந்து, தை மாதத்தில் அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

அடியைத் தூக்கியபோதுதான் ஆமையின் முதுகு கண்ணில் பட்டது. அடி போட்டுப் பிரித்த இடத்திலெல்லாம் சாயம் மழையில் ஊறி இறங்கியிருந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நடு, அதிலிருந்து மஞ்சள் கோடுகள் சுற்றிலும் விரிந்திருந்தன. சரிப்படாமல் போன அத்தனை ஆரம்பமும் அங்கே இருந்தது. ஐயோ என்று முந்தானையால் தேய்த்தாள், போகவில்லை. மண்ணை எடுத்துத் தேய்த்தாள், இன்னும் பளிச்சென்று ஆயிற்று. ஆமை, இருந்துவிட்டுப் போகட்டும் தாயி, ஆடாவது இனிமேல் பார்த்து நடக்கும், நீ போய்க் கூடையைப் பார் என்றது. காத்தாயி அடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

மேலே முடைவதும் விளிம்பு கட்டுவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விடிந்து முகூர்த்தத்துக்கு முன்னால் கூடை தயார். செவந்தி அதை வாங்கினாள். நெல்லைக் கொட்டுவதற்கு முன்னால் கூடையைத் திருப்பி, அடியில் கையை வைத்துத் தடவினாள். வெகுநேரம் தடவினாள். "அம்மா போட்ட மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு நெல்லை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு மணி சிந்தாமல் புகுந்த வீட்டுக்கு நடந்தாள்.

கல்யாணச் சந்தடி அடங்கி மூன்று நாள் கழித்து, காத்தாயி ஒரு கட்டு இளம்புல்லை அறுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். ஆமை பள்ளத்துப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும் என்று அங்கே போய்த் தேடினாள். மற்ற ஆமைகள் இருந்தன, அது இல்லை. திரும்பி வந்தால், விட்டுவிட்டுப் போன அதே இடத்தில், தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓட்டுக்குள்ளிருந்து மெல்ல மூச்சு வந்தது. அப்புறம்தான் அவளுக்கும் மூச்சு வந்தது. எழுந்திரு என்றுதானே சொல்லிவிட்டுப் போனேன், இன்னும் ஏன் இப்படிக் கிடக்கிறாய் என்று கடிந்துகொண்டாள்.

"சொன்னே தாயி. ஆனா நீ தட்டினது கூடைக்கா, எனக்கான்னு தெரியல."

காத்தாயி புல்லைக் கீழே வைத்தாள். மஞ்சள் கோடுகள் விரிந்த அந்த முதுகில், மேலே சிம்பு ஒன்றும் இல்லாமல், உள்ளங்கையை வைத்தாள். வைத்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, "இது உனக்கு, எழுந்திரு" என்றாள். ஆமை தலையை நீட்டியது. ஒரு காலை எடுத்து வைத்து, மறு காலையும் எடுத்து வைத்துப் புல்லுக்கு வந்தது.

அன்று முதல்தான் அதன் வழியில் வந்த முள்ளுக்காட்டு ஆமைகளின் முதுகில் மஞ்சள் நட்சத்திரம். காத்தாயி போட்டதில் ஒன்றைப்போல் ஒன்று வராததால், இன்றுவரை இரண்டு ஆமைக்கு ஒரே கோலம் கிடையாது. மனுசர் நிழல் மேலே விழுந்ததும் அது தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு அசையாமல் கிடப்பதும் அன்று முதல்தான். பார்க்கிறவர்கள் பயம் என்கிறார்கள். அது பாவம், முதுகில் ஒரு தட்டுத் தட்டி எழுந்திரு என்று யாராவது சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறது.